தபால் விமானியின் குரல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் குளிர் வந்தால் தன் இருப்பைச் சொல்லும். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தொண்டைக் கட்டு சரியாகிவிட்டதா?

இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைக்காதே. போனில் கூப்பிட்டால் அத்தான் எடுத்து, "அவ குளிக்கிறா" என்கிறார். போன மாதமும் குளித்துக்கொண்டுதான் இருந்தாய். ஒரு மனுஷி ஆறு மாதமாகவா குளிப்பாள்? செய்தி அனுப்பினால் "சரி", "ஆகட்டும்" என்று ஒற்றைச் சொல் வருகிறது. தபாலில் போட்டால் ஒரு பக்கமாவது எழுதுவாய் என்று ஆசை. இன்னொரு காரணமும் உண்டு. போன ஞாயிறு நான் 'மூடுபனித் தபால்' பார்த்தேன்.

ஆமாம், அதேதான். இங்கே பஸ் டிப்போவுக்குப் பின்னால் அறுபது நாற்காலி போட்ட ஒரு சின்னத் தியேட்டர் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு ஞாயிறு பழைய கார்ட்டூன் படம் போடுவார்கள். ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸில் அந்த இரட்டை இறக்கை விமானத்தைப் பார்த்ததும் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். வாண்டு என் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவளிடம் கதையை அங்கேயே சொன்னேன். தொலைந்துபோன அப்பாவின் விமானத்தில், மலைத்தொடருக்கு அப்பால் ஒரு மூட்டைக் கடிதத்தைக் கொண்டுபோகும் பெண், பெயர் சிட்டு. அவளுக்குப் போட்டியாக ஒரு தடியன், பெயர் மீசை. அந்தச் சிட்டுவுக்குத் தமிழில் பேசியது உன் அத்தை, அப்போது அவளுக்குப் பதினொரு வயது என்று சொன்னதும் வாண்டுவின் கண்ணைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் ஏமாந்துபோனேன். அசல் மொழியில் போட்டார்கள், கீழே எழுத்து ஓடியது. சிட்டு வாயைத் திறக்கிறாள், வேறு யாரோ பேசுகிறார்கள். நம் வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்நியர் ஒருவர் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

இன்னொன்று. மலைக்கு முன்னால் அவள் மீசையைப் பார்த்து, "பயமாத்தான் இருக்கு. பரவால்ல, போவோம்" என்பாளே, அந்த வரி. எனக்கு அதுதான் படமே. மெக்கானிக் பரீட்சைக்குப் போன அன்றைக்கும், இந்த ஊருக்கு முதல்முறை பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கும் வாய்க்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அசலில் அந்த இடத்தில் அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "எண்ணெய் இன்னும் அரைமணி நேரத்துக்கு வரும்." அவ்வளவுதான். நான் எதை நம்பி இத்தனை தூரம் வந்தேன், அக்கா?

ஒருநாள் போன் பண்ணு. வாண்டுவுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டு. உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி


மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வெறுமனே கடிதத்தில் எழுதிவிட்டு விட்டுவிடுகிறாயா? வாண்டுவும் அவள் அம்மாவும் சுகந்தானே?

உன் உறையைப் பார்த்ததும் அத்தான் ஏதோ கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டார். நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் மூன்றாவது தடவையும் படித்தேன்.

உன் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிறேன். படத்தில் அந்த இடத்தில் சிட்டுவின் முகம் திரை முழுக்க வரும். உதடு ஐந்து இடத்தில் நன்றாக மூடித் திறக்கும். எண்ணெயைப் பற்றி எழுதினால் வாய் ஒட்டவில்லை. பகரமோ மகரமோ வந்தால்தான் உதடு மூடும். வசனம் எழுதியவர் அன்று காலை முழுக்கப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லாம் காத்திருந்தோம். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "உனக்கு மைக்கு முன்னால நிக்கறப்ப எப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். பயமாத்தான் இருக்கு என்றேன். அப்புறம் என்ன பண்ணுவ என்றார். பரவால்ல என்று நின்றுவிடுவேன் என்றேன். அதையே எழுதிக்கொண்டார். "போவோம்" மட்டும் அவர் சேர்த்தது. உதடு ஐந்து இடத்திலும் ஒட்டிக்கொண்டது.

ஆக நீ நம்பிப் போனது படத்தை இல்லை, உன் அக்கா உளறியதை. திரும்பி வர வழி தெரிந்தால் வந்துவிடு.

நான் இப்போது மைக் பக்கம் போவதில்லை. அதே டப்பிங் தியேட்டரில் வசனம் எழுதும் வேலைக்கு மாறிவிட்டேன். புதுப் பெண்கள் நன்றாகப் பேசுகிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உதடுகளைப் பார்த்து எழுதுவதும் பிடித்துத்தான் இருக்கிறது.

போன் எல்லாம் வேண்டாம்டா. கடிதமே நன்றாக இருக்கிறது. படத்தைப் பற்றி இன்னும் எழுது. நீ ஒவ்வொரு ஆணியையும் பார்த்திருப்பாயே.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆசை. ஒத்தடம் கொடுக்கிறேன், சத்தியம்.

உன் கடிதத்தை இவளுக்கும் வாண்டுவுக்கும் உரக்கப் படித்தேன். வாண்டு இப்போது பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து உதடு எங்கே மூடுகிறது என்று சோதித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நேரமாகிறது.

ஆணி பார்த்தாயா என்று கேட்டாய். பார்த்தேன். இருபத்தைந்து வருஷமாக விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன் சொல்கிறேன், அந்தப் படத்தை வரைந்தவர்களில் ஒருவருக்காவது கையில் கிரீஸ் பட்டிருக்க வேண்டும். சிட்டு எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் முன்விசிறியைக் கையால் நான்கு முறை சுற்றுவாள், ஞாபகமா? சின்ன வயதில் அது விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் அடிப்பக்கம் எண்ணெய் தேங்கியிருக்கும். சுற்றாமல் கிளப்பினால் உடையும். அதை யாரும் படத்தில் விளக்குவதில்லை, அவள் பாட்டுக்குச் செய்கிறாள். எஞ்சினிலிருந்து கசிந்த எண்ணெய் காற்றில் பின்பக்கமாகத்தான் கோடு போட்டிருக்கிறது. கடைசிக் காட்சிக்குள் அந்தக் கோடு இறக்கை வரைக்கும் நீண்டுவிடுகிறது. ஒவ்வொரு படமாகக் கையால் வரைந்தவர்கள் அதை மறக்கவில்லை பார்.

எனக்குப் பிடித்தது நிழல். கடல்மேல் போகும்போது விமானத்தின் நிழல் அலையில் ஏறி இறங்கி ஒரு நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடுகிறது. மலைமேல் ஏறினால் காணாமல் போகிறது. உறைந்த ஏரியில் அவள் இறங்கும்போது எங்கிருந்தோ ஓடிவந்து சக்கரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இறங்குவது என்றால் அதுதான் அக்கா, நிழலோடு சேர்வது.

என் விக்கல்தான் இல்லை! பனிக்குள் எஞ்சின் திக்கித் திணறும் இடத்தில் நம் படத்தில் ஒரு விக்கல் கேட்குமே. அம்மா என்னை வீட்டில் விட ஆளில்லாமல் டப்பிங் தியேட்டர் தரையில் உட்கார வைத்து, மூச்சுக்கூட விடக்கூடாது என்று மிரட்டியதில் வந்த விக்கல். சவுண்ட் இன்ஜினியர் "எஞ்சினே விக்கற மாதிரி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டாரே. அசலில் அந்த இடம் காலியாக இருந்தது. நான் இல்லாத படம் எனக்கு எதற்கு?

ஜூன் முதல் வாரம் வாண்டுவுக்குப் பிறந்தநாள். பத்து முடிகிறது. பரிசு ஒன்றும் வேண்டாம், அத்தை பேசி அனுப்பினால் போதும் என்கிறாள். போனில் பதிந்து அனுப்பு, ஒரு நிமிஷ வேலை.

அத்தானைக் கேட்டதாகச் சொல். நீ வேளைக்குச் சாப்பிடு.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. கழுத்தில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மூவர் உடம்பும் எப்படி?

நிழலைப் பற்றி நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொரு காட்சி ஞாபகம் வந்தது. மேகத்துக்கு மேலே எஞ்சின் நின்றுபோகும். இரண்டு நிமிஷம் இசை கிடையாது, வசனம் கிடையாது. காற்றும் சிட்டு மூச்சு விடும் சத்தமும்தான். அசல் குரலை எடுத்துவிட்டு மற்ற சத்தங்களை மட்டும்தான் நமக்கு அனுப்புவார்கள். அதனால் அவள் மூச்சையும் நான்தான் விட வேண்டும். மைக் எட்டாமல் ஸ்டூல்மேல் ஏறி நிற்கிறேன். நாலு பெரியவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க எப்படி மூச்சு வரும்? பதினொரு டேக் போனது. வசனக்காரர் வந்து, "நடிக்காதம்மா. மூச்ச மட்டும் விடு" என்றார். அது வரவே இல்லை. கடைசியில் கட்டடத்தைச் சுற்றி மூன்று முறை ஓடிவரச் சொன்னார். மூச்சிரைக்க வந்து ஸ்டூலில் ஏறினேன், ஒரே டேக்கில் முடிந்தது. நீ வாசல்படியில் உட்கார்ந்து எனக்கு எண்ணிக்கொண்டிருந்தாய். மூன்றாவது சுற்றை இரண்டு என்று சொல்லி நாலாவது முறையும் ஓட வைத்த புண்ணியவான் நீதான்.

அதன்பிறகு எவ்வளவோ படத்துக்குப் பேசினேன். அழுதேன், சிரித்தேன், பேய்க்கு அலறினேன். அந்த இரண்டு நிமிஷ மூச்சு மாதிரி ஒன்றை நான் அப்புறம் செய்யவே இல்லை. மூச்சு இவ்வளவு பெரிய சமாசாரம் என்று அன்றைக்குத் தெரியாது.

வாண்டு வரைந்த படம் ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல். உன் கால் தேவலையா?

எல்லோருக்கும் ஆசிகள்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கால் தேவலை. உங்கள் நலத்துக்கு எழுது.

முக்கியமான விஷயம். அந்தத் தியேட்டரை நடத்தும் அம்மாள் இருக்கிறாரே, அவரிடம் நம் தமிழ்ப் படத்தைப் பற்றிச் சொன்னேன். உன் உதடு மூடும் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். தமிழ்ப் பிரதி கிடைத்தால் ஒரு ஞாயிறு அதையே போடலாம், குரல் கொடுத்தவரே வந்து பத்து நிமிஷம் பேசினால் இன்னும் நல்லது என்றார். இங்கே தமிழ் பேசுகிற குடும்பங்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. சொன்னதும் எல்லோருக்கும் குஷி. செப்டம்பர் கடைசி ஞாயிறு என்று முடிவாகிவிட்டது.

நீ வருகிறாய். பயணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அத்தானும் வரட்டும். வாண்டு வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். விமானம் பழுது பார்க்கும் ஹேங்கரில் என்னோடு வேலை செய்பவர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனால் எஞ்சினைப் பார்க்க வருகிறார்களாம். வரவே முடியாது என்றாலும் போனிலாவது அவர்களோடு பேசு, ஸ்பீக்கரில் போட்டுக்கொள்கிறோம்.

பழைய படப்பிரதி யாரிடம் இருக்கும் என்று மட்டும் விசாரி.

வாண்டுவின் படம் இதோடு இருக்கிறது. ஸ்டூல்மேல் நிற்பது நீ. கீழே உட்கார்ந்து விக்குவது நானாம்.

உடனே பதில் போடு.

தம்பி


ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எல்லோரும் நலந்தானே?

வாண்டுவின் படத்தை என் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பிறந்தநாளுக்கு அனுப்பிய சட்டை அளவு சரியாக இருந்ததா?

என்னால் வர இயலாது. போனில் பேசவும் இயலாது. அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள். பிரதிக்கு விசாரிக்கிறேன். தப்பாக நினைக்காதே.

அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கே சுகம் என்று நீயே எழுதிவிட்டாய்.

சட்டை சரியாக இருந்தது. பிறந்தநாள் அன்று வாண்டு அதைப் போட்டுக்கொண்டு போனைப் பக்கத்தில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அத்தையா, அத்தையா என்று கேட்டாள். சாயங்காலத்துக்குமேல் கேட்கவில்லை.

நான் மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அம்மா போனபோது நான் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். அதற்கு நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கே திட்டியிருக்கலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வருஷமாக என்னோடு பேசாமல் இருக்கிறாய். கடிதம் மட்டும் தேனாக எழுதுகிறாய். எங்கள் இருவரையும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், சின்னப் பிள்ளை உனக்கு என்ன செய்தாள்? ஒரே ஒரு வரி. அதைப் பேச உனக்கு என்ன கேடு?

தியேட்டர் அம்மாளிடம் நிகழ்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


செப்டம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இந்த முறை அந்தச் சொல் இல்லாமல் ஆரம்பிக்கிறேன்.

என்ன கேடு என்று கேட்டிருந்தாய். போன வருஷம் ஆகஸ்டில் என் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். தொண்டைக் கட்டு என்று உனக்குச் சொன்னேன். கட்டு இல்லை, கட்டி. ஒரே எழுத்தில் மறைத்தேன். வேறு வழியில்லை என்று டாக்டரம்மா சொன்னார். கட்டி முழுக்கப் போய்விட்டது, இதுவரை திரும்பவில்லை, மாதாமாதம் பார்க்கிறார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு வராது. சிரித்தால் சத்தம் வராது. உனக்குச் சொல்லக்கூடாது என்று அத்தானிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். பாவம், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. குளியலைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை அவருக்கு.

அம்மா விஷயத்தில் எனக்கு உன்மேல் ஒரு துளி கோபம் இல்லை. நீ எப்படி ஓடிவந்தாய் என்று எனக்குத் தெரியும். ஏன் மறைத்தேன் என்று நானே பலமுறை யோசித்தேன். இங்கே எல்லோருக்கும் நான் பேச முடியாதவள். கடைக்காரர் என்னிடம் கையை ஆட்டிக் காட்டுகிறார், எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பதை மறந்து. தியேட்டரில் புதுப் பெண்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். உனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரியாதவரை, எங்கோ ஓர் ஊரில் நான் இன்னும் பேசுகிறவளாகவே இருந்தேன். உன் முதல் கடிதத்தில் "நம் வீட்டுக் கதவைத் திறந்ததும்" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எப்படியடா சொல்வேன்?

ஜூலை முழுக்க உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒருநாள் எழுந்து சவுண்ட் இன்ஜினியர் வீட்டைத் தேடிப் போனேன். பஸ் இரண்டு மாறினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், மாடியில் மகளோடு இருக்கிறார். யார் என்று சொல்ல நோட்டை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "எழுத வேணாம்மா. சிட்டுதானே" என்றார்.

அவரிடம் வீடியோ கேசட்டாக இருந்தது. போட்டுக் காட்டினார். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்த்து அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நன்றாகப் பேசுகிறாளே, யார் இவள் என்றுதான் தோன்றியது. மேகத்துக்கு மேலே எஞ்சின் நின்றதும் அவள் மூச்சு விட ஆரம்பித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் என்னை அறியாமல் அவளோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவள் மூக்கால், நான் கழுத்தால். இரண்டு நிமிஷமும் சேர்ந்தே போனோம். சரியாகத்தான் ஒட்டியது.

அவர் மகள் அதை இந்தச் சின்ன டிஸ்க்கில் மாற்றித் தந்தாள். வாண்டுவுக்கு என் பிறந்தநாள் பரிசு, மூன்று மாதம் தாமதம். அந்த அம்மாளிடம் போய்ப் பேசு, ஞாயிறு இன்னும் போகவில்லை.

ஒன்று சொல்கிறேன். இதைப் படித்த கையோடு கிளம்பி வந்து நிற்காதே. உன்னைத் திட்டும் அளவுக்காவது நான் பேசக் கற்றுக்கொள்கிறேன், குரல்வளை இல்லாமலும் அதற்கு ஒரு வழி இருக்கிறதாம். அப்புறம் வா.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கேள்வியை இத்தனை கடிதத்தில் கேட்டேன், ஒருமுறைகூட நிஜமாகக் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். "என்ன கேடு" என்று எழுதிய கையால் வேறு எதையும் எழுத வரவில்லை. மன்னித்துவிடு என்பதுகூட இரண்டு வினாடியில் எழுதி முடிந்துவிடுகிறது, அது போதாது. உன் கடிதம் வந்த அன்று அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன். விமானத்தில் ஒரு கதவைப் பூட்டி மூடியதாகக் கையெழுத்துப் போட்டேன், அது திறந்தே கிடந்தது. இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறை. மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்டாமல், வீட்டுக்கு அனுப்பினார்.

வாண்டுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அப்போ அத்தை என்மேல கோபமா இல்லையா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றதும் விளையாடப் போய்விட்டாள்.

முந்தாநாள் படம் போட்டோம். அறுபது நாற்காலியும் நிறைந்து, பின்னால் சிலர் நின்றார்கள். படம் நடுங்குகிறது, நிறம் மங்கியிருக்கிறது, ஓரத்தில் கோடு ஓடுகிறது. சிட்டு வாயைத் திறந்தாள். அக்கா, நீ பேசினாய். இவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் முழங்கால், வயது, இந்த ஊர் ஒன்றும் ஞாபகம் இல்லை. பனியில் எஞ்சின் திணறியபோது என் விக்கல் வந்தது. ஹேங்கர் ஆட்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன், கைதட்டிவிட்டார்கள். போட்டியை மறந்து சிட்டுவின் விமானத்திலேயே ஏறிக்கொண்ட மீசை, பாரம் குறைக்கத் தன் இருக்கை, பூட்ஸ், கடைசியில் ஆர்மோனியப் பெட்டி வரை தூக்கி எறிந்துவிட்டு, கடித மூட்டையை மட்டும் மடியில் வைத்துக்கொள்வானே, அங்கே தியேட்டர் அம்மாள் அழுதுவிட்டார். அந்த வரி வந்தபோது வாண்டு கூடவே சொன்னாள். தியேட்டரில் பாதிப் பேருக்கு அது கேட்டது.

எஞ்சின் நின்ற காட்சியைப் பற்றி நான் எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

முடிவில் பெயர்கள் ஓடின. உன் பெயர் இல்லை, அந்தக் காலத்தில் குரல் கொடுத்தவர்களை யார் போட்டார்கள். விளக்குப் போட்டதும் வாண்டு நாற்காலிமேல் ஏறி நின்று, தமிழிலும் இந்த ஊர் மொழியிலும், "சிட்டுவா பேசினது எங்க அத்தை" என்று அறிவித்தாள். ஒருவரும் எழுந்து போகவில்லை. அவள் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

நீ சொன்னபடி வராமல் இருக்கிறேன். ஆனால் சீக்கிரம் கற்றுக்கொள். திட்டு வாங்காமல் எனக்கு இருக்க முடியவில்லை.

அத்தானை நான் கட்டிக்கொண்டதாகச் சொல். உன் உடம்பைப் பற்றி இனி உண்மையை எழுது.

தம்பி


அக்டோபர் 28

அன்புள்ள தம்பிக்கு,

உண்மையை எழுதச் சொன்னாய். பசிக்கிறது, தூக்கம் வருகிறது, இருமினால் கழுத்துத் துணி நனைகிறது, வாசனை சரியாகத் தெரியாததால் நேற்று துவரம்பருப்பைக் கருக்கிவிட்டேன். போதுமா? உன் கால்?

வாண்டு நாற்காலியில் ஏறிய இடத்தை அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, மாடியில் துணி காய்ந்ததா பார்க்கிறேன் என்று போய்விட்டார். அன்றைக்கு மாடியில் துணியே போடவில்லை.

வாரம் இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறேன். சொல்லித் தருபவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் என்னைப் போலவே. காற்றை வாய்க்குள் அழுத்தி விழுங்கி, அது மேலே வரும்போது பேச்சாக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ஏப்பத்தில் பேசுவது. தவளைக்குத் தமிழ் வந்த மாதிரி இருக்கும் அவர் பேச்சு. ஆனால் கூச்சமே கிடையாது. முதலில் பேச வந்த வாக்கியம் எது என்று கேட்டு எழுதிக் காட்டினேன். "உள்ள போ, உள்ள போ, படில நிக்காத" என்றார். வகுப்பில் ஆறு பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம். அப்படி ஒரு சிரிப்பை நீ பார்த்திருக்க மாட்டாய். தோள் மட்டும் குலுங்கும்.

எனக்கு முதல் மூன்று வாரம் வெறும் காற்றுதான். நாலாவது வாரம் "பா" வந்தது. அப்புறம் "டா". வீட்டில் போய் அத்தானைப் பார்த்து "போடா" என்றேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவரை அப்படிச் சொன்னதில்லை. "என்ன சொன்ன, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

குரல் அழகாக இல்லை தம்பி. பழைய குரலை நினைத்துக்கொண்டு காத்திருந்தால் ஏமாந்துபோவாய். கரகரவென்று, ஆம்பிளைக் குரலாக, நடுவில் அறுந்து அறுந்து வருகிறது. சில நாள் வருகிறது, சில நாள் ஒன்றுமே வருவதில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு உன்னைக் கூப்பிட்டால் எனக்கு நிச்சயம் வராது. வருகிற நாளில் சட்டென்று போன் அடித்துவிடுவேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் அத்தானும் சுகம் என்று காதால் கேட்டாயிற்று.

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தாய். நீ பேசினாய், நான்தான் பேசவில்லை. கரகரவென்று, ஆழத்திலிருந்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடம் விட்டு, "எங்கடா... இருக்க?" என்று கேட்டாய். எவ்வளவு சாதாரணக் கேள்வி. நீ இன்னொரு முறை கேட்டாய். பின்னால் அத்தான், லைன் கட்டாயிடுச்சோ என்று கேட்டது காதில் விழுந்தது. கட் ஆகவில்லை, நான் இருந்தேன். அழுதுகொண்டிருந்தேன் என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய், ஆனாலும் எழுதுகிறேன். கடைசியில் நீயே வைத்துவிட்டாய். உன்னை ஏமாற்றிவிட்டேனோ என்று அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். மணி பதினொன்று இருக்கும். ஹேங்கரில், ஒரு சரக்கு விமானத்தின் இடது இறக்கைக்குக் கீழே, ஏணியின் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு மூடியைத் திறந்து, உள்ளே போகும் குழாயின் இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லுக்கு நடுவே டார்ச் லைட். போனில் உன் பெயரைப் பார்த்ததும் வாயைத் திறந்தேன், டார்ச் கீழே விழுந்து உருண்டு போனது. அப்படியே ஏணியில் உட்கார்ந்துவிட்டேன். கையுறையைக் கழற்றக்கூட இல்லை, போனெல்லாம் எண்ணெய். எதிரே பெரிய கதவு பாதி திறந்திருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது, ஓடுபாதை முழுக்கத் தண்ணீர் மினுங்கியது. என்னோடு வேலை செய்கிறவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்து, யார் என்று சைகையில் கேட்டான். நானும் சைகையிலேயே காட்டினேன், அக்கா என்று. எப்படிக் காட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது. டார்ச்சை என் மடியில் வைத்துவிட்டு, அந்த மூடியைத் தானே மூடினான்.

அங்கேதான் இருந்தேன், அக்கா.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் கூப்பிடுகிறேன். இந்த முறை பேசுவேன். நீ வீட்டில் எந்த இடத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாய், அன்றைக்கு உன்னைச் சுற்றி என்னவெல்லாம் இருந்தது, எனக்குத் தெரிய வேண்டும். எழுதாதே, சொல்.

தம்பி